முட்டைக்கடை நசீம் பானுவும் புது கோச்சும்

தர்மபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த முட்டைக்கடையில் நசீம் பானு விலை சொன்னால், எதிர்சாரி ஓட்டலில் டீ குடிப்பவர்களுக்கும் கேட்கும். புதிதாகக் கடைக்கு வருகிறவர்கள் அந்த அம்மா ஏதோ கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்துத் தயங்கி நிற்பார்கள். கோபமெல்லாம் ஒன்றும் இருக்காது. குரலே அப்படித்தான். அடுக்கிலிருந்து முட்டையை எடுத்து வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்து, காதருகே ஆட்டிக் கேட்டு, கெட்டது இருந்தால் ஓரமாக வைத்துவிடுவார். கை அவ்வளவு மெதுவாக வேலை செய்யும்போது வாய் மட்டும் தெருமுனை வரைக்கும் போய்க்கொண்டிருக்கும்.

அவருடைய கணவர் மஸ்தான் இதற்கு நேர் எதிர். பேசவே மாட்டார். ஒரு பழைய மெட்டாடர் வேன் வைத்திருந்தார். வாரத்தில் சில நாட்கள் நாமக்கல் போய் முட்டை ஏற்றிக்கொண்டு வருவது, ஊருக்குள் கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் போடுவது, இதுதான் அவர் வேலை. பென்னாகரம் ரோட்டில் இருந்த எங்கள் கல்லூரி விடுதிக்கும் அவர்கள்தான் முட்டை போட்டார்கள். நான் எண்பத்து நான்கில் அந்தக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன்.

நசீம் பானுவுக்கு ஃபுட்பால் பைத்தியம் பிடித்ததும் இந்த முட்டையால்தான். அதற்குப் பத்து வருடம் முன்பு ஒரு சாயங்காலம் விடுதியில் முட்டையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மஸ்தான் வேனில் காத்திருக்க, இவர் ஓரமாக நின்றார். ஒரு பையன் இரண்டு பேருக்கு நடுவில் பந்தைக் கொண்டுபோனானாம். அவன் கால் எது, பந்து எது என்று தெரியவில்லையாம். அன்றைக்கு யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "அவன் எப்படிப் போனான்னு பாக்கத்தான் மறுநாளும் போனேன். அப்புறம் போய்க்கிட்டே இருந்தேன்" என்பார்.

அதற்குப் பிறகு கல்லூரி டீம் ஆடும் ஒரு ஆட்டத்தையும் அவர் விட்டதில்லை. சாயங்காலப் பயிற்சிக்கும் வருவார். கடையை மஸ்தானிடம் விட்டுவிட்டு, முக்காடு நழுவாமல் இரண்டு பக்கமும் பின் குத்திக்கொண்டு, கார்னர் கொடிக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். பையன்கள் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார், பேர் சொல்லித் திட்டுவார். மூன்று வருடத்துக்கு ஒரு முறை முகங்கள் மாறும். அவர் மாறவில்லை.

மஸ்தானின் தங்கை அமீனாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. ஒரு முறை வீட்டுக்கு வந்தவள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"பசங்க டவுசரோட ஓடறத வேடிக்க பாக்க ஒரு குடும்பப் பொம்பள போவாளா?"

"பந்தத்தான் பாக்கறேன் அமீனா. அவனுங்க ஓடற ஓட்டத்துக்கு டவுசர எங்க பாக்கறது?" என்றார் நசீம் பானு.

மஸ்தான் சிரிப்பை அடக்க எழுந்து வெளியே போய்விட்டார்.

எங்கள் டீம் அப்போது பார்க்கத் தகுந்த டீமாக இல்லை. சரித்திரப் பேராசிரியர் ஒருவர் பொறுப்பில் இருந்தார். நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார், ஆட்டம் முடிந்ததும் கை தட்டுவார். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு வருடாவருடம் போவார்கள், முதல் ரவுண்டிலேயே தோற்று வருவார்கள். பெருமைப்பட்டுக்கொள்ள ஒரே ஒருவன்தான் இருந்தான். பாப்பாரப்பட்டியிலிருந்து வந்த மாது. லெஃப்ட் அவுட் ஆடுவான். இடது ஓரத்தில் பந்து அவன் காலுக்கு வந்துவிட்டால் அதை வாங்க இரண்டு பேர் வேண்டும். நசீம் பானுவுக்கு அவன் என்றால் உயிர்.

எண்பத்து நான்கு ஜூலையில் கல்லூரி ஒரு கோச்சை நியமித்தது. பெயர் தர்மன். கடத்தூர்ப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் பல வருடம் இருந்து, ரெஜிமென்ட் டீமில் ஆடி, கோச்சிங் படிப்பும் முடித்துவிட்டு ஊர் திரும்பியவர். செய்தி தெரிந்ததும் நசீம் பானு கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொன்னார்: "வந்துட்டாருங்க கோச்சு. இனிமே பாருங்க எங்க டீம."

முதல் நாள் பயிற்சிக்கு நேரத்துக்கு முன்பே போய் நின்றார். தர்மன் ஒட்ட வெட்டிய தலைமுடியும் தேய்த்த அரைக்கால் சட்டையுமாக, கழுத்தில் விசில் தொங்க, பையன்களை வரிசையில் நிறுத்தினார். ஓடவிட்டார், குனியவிட்டார், மறுபடி ஓடவிட்டார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஆளுக்கொரு இடம் கொடுத்து ஆடவிட்டபோது, மாதுவைத் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய்ப் பின்னால், கோலுக்கு முன்னால் இடது பக்கம் நிறுத்தினார்.

"அய்யய்யோ!" என்று கார்னர் கொடிப் பக்கம் ஒரு சத்தம். "அவன எங்க போடறீங்க? அவன் லெஃப்ட் அவுட்டுங்க! மாதுவ முன்னால விடுங்க!"

தர்மன் திரும்பவில்லை. இரண்டாவது முறை சத்தம் வந்ததும் விசில் ஊதினார். பையன்கள் அப்படியே நின்றார்கள். அவர் அவசரப்படாமல் மைதானத்தைக் கடந்து நடந்து வந்தார்.

"யாரும்மா நீங்க?"

"முட்டக்கட நசீம் பானு. ஆஸ்டலுக்கு நாங்கதான் முட்ட போடறோம்."

"முட்டையப் போட்டாச்சா?"

"ஆச்சுங்க."

"அப்ப வூட்டுக்குப் போங்க. இது கிரவுண்டு, சந்தை இல்ல."

"சந்தையில கூட சரக்கப் பாத்துத்தாங்க அடுக்குவாங்க. நல்ல பழத்தக் கொண்டுபோயி யாரும் கூடைக்கு அடியில போட மாட்டாங்க."

பின்னால் பையன்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்கள் எல்லாரும் இருட்டுகிற வரைக்கும் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். மாது சிரிக்கவே இல்லை, அவனும் ஓடினான்.

அந்த வாரமே மைதானத்து கேட்டில் ஒரு போர்டு தொங்கியது. பயிற்சி நேரத்தில் வெளியாட்களுக்கு அனுமதி இல்லை, ஒழுங்கு கருதிப் பெண்கள் எந்நேரமும் மைதானத்துக்குள் வரக் கூடாது என்று பிரின்சிபால் கையெழுத்தோடு எழுதியிருந்தது. கோச் கேட்டுத்தான் போட்டது என்று பேச்சு. நாங்கள் பெண்கள் கொஞ்சம் பேர் தினமும் அந்த கேட்டுக்கு முன்னால்தான் போய்வந்தோம். அது யாருக்காகப் போட்டது என்று எங்களுக்குத் தெரியும் என்பதால் ஒருத்தியும் அதை நின்று படிக்கவில்லை.

வாட்ச்மேன் பச்சியப்பனுக்குத்தான் சங்கடம். நசீம் பானுவை இத்தனை வருடமாகத் தெரியும். அவர் வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்று கையைப் பிசைந்தார்.

"அக்கா, நான் இன்னா பண்ணுவேன்? போர்டு போட்டுட்டாங்க."

"நீ ஒண்ணும் பண்ண வேணாம் பச்சியப்பா. கேட்ட நல்லா சாத்திக்கோ."

சொல்லிவிட்டு ரோட்டுக்கு வந்தார். மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்க ரோட்டை ஒட்டிய காம்பவுண்டு சுவர். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். மஸ்தான் கடையைச் சாத்திவிட்டு, வேனைச் சுவரோரம் கார்னர் கொடிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார். வேனுக்குப் பின்னால் மேலே சரக்கு ஏற்றுவதற்கு ஒரு ஏணி உண்டு. நசீம் பானு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அதில் ஏறினார். வேன் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனாலும் மஸ்தான் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

மேலே நேராக நின்று ஒரு முறை மூச்சை இழுத்துக்கொண்டார்.

"மாதுவ முன்னால விடுங்க!"

மைதானத்தில் பந்து நின்றது. கீழே சாத்திய கேட்டுக்கு உள்ளே பச்சியப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். தர்மன் தலையைத் திருப்பவில்லை. விசில் மட்டும் கேட்டது. பந்து மறுபடி ஓடியது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வேன் வந்து நின்றது. வேன் மேலிருந்து ஆட்டம் கீழே நின்று பார்ப்பதைவிட நன்றாகத் தெரிகிறது என்று அவர் கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய பேச்சுக்குக் கோச் பதில் சொல்வதில்லை, பையன்களும் மேலே பார்க்கக் கூடாது என்று உத்தரவு. ரோட்டில் போகிறவர்கள்தான் நின்று பார்த்தார்கள். சிலர் பந்தைப் பார்க்க வந்து இவரைப் பார்த்தார்கள், சிலர் இவரைப் பார்க்க வந்து பந்தைப் பார்த்தார்கள். ஒரு நாள் யாரோ கீழேயிருந்து சீட்டியடித்தான். "சீட்டி அடிக்கறதுன்னா கோலுக்கு அடி. பொம்பளயப் பாத்து அடிக்கறியே, உனக்கு வயசாவலயா?" என்று மேலேயிருந்து கேட்டார். அந்த ஆள் அந்தப் பக்கம் மறுபடி வரவில்லை.

ஊரில் பேச்சு அதிகமானது. அமீனா வந்து அழுதே விட்டாள். அவள் புகுந்த வீட்டில் கேலி பேசுகிறார்களாம். நசீம் பானு அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தார், அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார், சாயங்காலம் ஆனதும் முக்காட்டுக்குப் பின் குத்திக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆகஸ்டு கடைசியில் விடுதி வார்டன் கடைக்கு வந்தார். நல்ல மனிதர். நேராகச் சொல்ல முடியாமல் முட்டையின் அளவைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்.

"பிரின்சிபால் சொல்லி அனுப்பினாருங்க. நீங்க வேன் மேல ஏறறத நிறுத்திக்கிட்டா ஒரு பிரச்சனையும் இல்ல. இல்லன்னா முட்டைக்கு வேற ஆளப் பாக்கச் சொல்றாரு."

"வேற ஆளப் பாருங்க" என்றார் நசீம் பானு.

"யோசிச்சு சொல்லுங்கம்மா. வருசம் பூரா ஓடற வியாபாரம்."

"யோசிச்சுத்தான் சொன்னேன். நான் சீக்கிரமா யோசிக்கிறவ."

வார்டன் போன பிறகு அன்று முழுக்க நசீம் பானுவின் குரல் எதிர்சாரி ஓட்டலுக்குக் கேட்கவில்லை. விடுதிதான் அவர்களுடைய பெரிய வாடிக்கை. அது போனால் வேன் ஓடுகிற ஓட்டத்தில் பாதி வீண். இந்தக் கதையை எனக்கு அவரே பிற்பாடு சொன்னார். மஸ்தான் என்ன சொல்வாரோ என்பதைத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தாராம். பிரின்சிபாலுக்குப் பயப்படவில்லை. பேசாத மனிதர் அன்றைக்குப் பேசிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாராம்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது விஷயத்தைச் சொன்னார். வீட்டில் அவர்கள் உருதுதான் பேசுவார்கள். எனக்குச் சொன்னபோது தமிழில் சொன்னார்.

மஸ்தான் கடைசிக் கவளம் வரைக்கும் சாப்பிட்டு முடித்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து கேட்டார்: "நான் சொன்னா நிறுத்துவியா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு நான் சொல்லணும்? மொரப்பூர்ல ஸ்டேஷன் பக்கத்து ஓட்டல்காரரு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்காரு. கடத்தூர் சந்தைக்கும் போட்டுப் பாக்கலாம்." கொஞ்சம் தள்ளிப் போனவர் திரும்பினார். "நீ அங்க கத்திட்டு வர்ற நாளுதான் வூடு அமைதியா இருக்குது."

அதுதான் அவர் பேசியது எல்லாம். அடுத்த வாரத்திலிருந்து விடுதிக்குப் போகிற நேரத்தில் அவர் மொரப்பூருக்குப் போனார். தூரம் அதிகம், ரோடும் மோசம், வழியில் முட்டை உடையும். ஆனாலும் சாயங்காலம் வேன் சுவரோரம் வந்து நின்றுவிடும்.

செப்டம்பரில் ஒரு நாள் நான் ரோட்டோரமாகப் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். மேலேயிருந்து குரல் வந்தது.

"கண்ணு, நீ இந்தக் காலேஜுதான?"

"ஆமாங்க அக்கா."

"அப்ப ஏன் ரோட்டுல போற? உள்ள நின்னு ஆட்டம் பாக்கலாமே."

"பொண்ணுங்க கிரவுண்டுக்குப் போகக் கூடாதுங்க. போர்டு போட்டிருக்குது."

"அது எனக்காகப் போட்டது. ஆனா உங்க எல்லாரையும் சேத்துத்தான் போட்டிருக்காங்க. உங்க காலேஜு, உங்க கிரவுண்டு. ஒரு பொண்ணு கூட ஏன்னு கேக்கலியா?"

நாங்கள் ஒருபோதும் ஆட்டம் பார்க்கப் போனதில்லை. போகாத இடத்துக்குப் போகக் கூடாது என்றால் அதில் என்ன நஷ்டம் என்று நினைத்திருந்தோம். அன்றைக்கு நான் பஸ்ஸைத் தவறவிட்டேன். அவர் கை கொடுத்து என்னை ஏணியில் ஏற்றிவிட்டார். வேன் மேல் நின்று நான் பார்த்த முதல் ஃபுட்பால் ஆட்டம் அது. மறுநாள் என் வகுப்புத் தோழிகளிடம் சொன்னேன்.

அக்டோபரில் கிருஷ்ணகிரி டீம் எங்கள் மைதானத்துக்கு ஆட வந்தது. அந்த ஆட்டத்தில்தான் மாது விஷயம் வெட்டவெளிச்சமானது. போன வருடம் முன்னால் ஆடியபோது அவன் பந்து வரும் என்று காத்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. பாதி நேரம் பந்து வந்தே சேராது. பின்னாலிருந்து அவனுக்கு மைதானம் முழுக்கத் திறந்து கிடந்தது. எதிரி கொண்டுவந்த பந்தைப் பறித்துக்கொண்டு அவன் ஓடிய ஓட்டத்தில் கிருஷ்ணகிரிக்காரர்கள் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் சிதறினார்கள். அப்படி ஒரு ஓட்டத்தின் முடிவில் அவன் கொடுத்த பந்தில்தான் கோல் விழுந்தது. இரண்டாவது கோலும் அப்படியே.

நசீம் பானு வேன் மேல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த ஓட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பந்து வெளியே போயிருந்த ஒரு நேரத்தில், மைதானம் முழுவதற்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"கோச்சு! மாது விசயத்துல நீங்கதான் கரெக்டு! நான் சொன்னது தப்பு!"

ரெஃப்ரி கூடத் திரும்பிப் பார்த்தார். தர்மன் முதல் முறையாகத் தலையைத் தூக்கி வேனைப் பார்த்தார். சிரிக்கவில்லை, ஆனால் பார்த்தார்.

"ஆனா அந்த சென்டர் ஃபார்வர்டு தூங்கறான்! மொதல்ல அவன எழுப்புங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். சென்டர் ஃபார்வர்டு மாரியப்பன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். அந்த அம்மா சொன்னதால்தான் கோச் அவனை அன்றைக்கு மாற்றினார் என்று பிறகு ஊரில் ஒரு கதை உண்டாயிற்று. அது உண்மையில்லை. மாரியப்பன் கடைசி வரைக்கும் ஆடினான். நான் அங்கேதான் இருந்தேன்.

இதோடு சண்டை தீர்ந்துவிடும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். பச்சியப்பன் கடைக்கே வந்து ரகசியம் போலச் சொன்னார்.

"அக்கா, சார் கிட்ட ஒரு வார்த்த, மன்னிச்சிக்கோங்கன்னு சொல்லிடுங்க. உள்ள வுட்டுடுவாரு. எனக்குத் தோணுது."

"தப்பா சொன்னேன். தப்புன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிட்டேன். ஆனா கத்தினது தப்பில்ல பச்சியப்பா. அதுக்கு எதுக்கு மன்னிப்பு?"

போர்டு அப்படியே தொங்கியது. வேனும் அப்படியே வந்து நின்றது. டீம் ஜெயித்துக்கொண்டே போனது. வரலாற்றில் முதல் முறையாக எங்கள் கல்லூரி மண்டலப் போட்டியின் இறுதிக்கு வந்தது. அதைவிடப் பெரிய செய்தி, இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே என்பது. ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரம், சேலத்துக் கல்லூரி ஒன்றோடு.

அன்று மதியத்திலிருந்தே ரோட்டில் சைக்கிள்கள். பாப்பாரப்பட்டியிலிருந்து மாதுவின் ஊர்க்காரர்கள் ஒரு லாரியில் வந்து இறங்கினார்கள். நாங்கள் பெண்கள் ஒரு முப்பது பேர் வகுப்பு முடிந்ததும் ஒன்றாகக் கிளம்பினோம். முதலில் ரோட்டுக்குப் போனோம். வேன் நின்றது. நசீம் பானு ஏணியில் கால் வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இன்னிக்கி வேன் வேணாம். எங்களோட வாங்க. கேட் வழியாப் போலாம்" என்றேன்.

அவர் எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். காலை ஏணியிலிருந்து எடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

கேட்டில் பச்சியப்பன் எங்களைப் பார்த்ததும் விசிலைத் தேடினார், பிறகு உள்ளே ஓடினார். சற்று நேரத்தில் தர்மனே வந்துவிட்டார். ஆட்டம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான். முகம் இறுகியிருந்தது.

"ஸ்டூடண்ட்ஸ் உள்ள வரலாம். நான் பிரின்சிபால் கிட்டப் பேசிக்கறேன்" என்றார் எங்களைப் பார்த்து. பிறகு நசீம் பானு பக்கம் திரும்பினார். "நீங்க வேணாம்மா."

"அப்ப நாங்களும் வரலைங்க சார். ரோட்டுலயே நிக்கறோம்" என்றாள் எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி. இப்போது நினைத்தாலும் ஆச்சரியம், அவள் வகுப்பில் ஒரு கேள்வி கூடக் கேட்காதவள்.

தர்மன் விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

"உள்ள விட்டா கத்தாம உக்காருவீங்களா?" என்று நசீம் பானுவிடம் கேட்டார்.

"மாட்டேன்."

"ஏம்மா இப்படி அடம் பிடிக்கறீங்க?"

"நீங்கதான் சார் அடம் பிடிக்கறீங்க. வெளிய போன்னு சொன்னீங்க, போர்டு போட்டீங்க. எதுக்குன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? ஒழுங்குன்னு எழுதியிருக்குது. என் குரல்ல என்ன ஒழுங்கு கெட்டுச்சு? காரணம் சொன்னா நான் கேப்பேன். உத்தரவு போட்டா கேக்க மாட்டேன். நான் உங்க பட்டாளத்துல இல்ல."

உள்ளே மைக்கில் யாரோ சிறப்பு விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்தார்கள். தர்மன் அதைக் காதில் வாங்கவில்லை. யோசித்தார். பிறகு, ஒரு சக ஆட்டக்காரனிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

"நீங்க கார்னர்ல நின்னு கத்தும்போது என் கீப்பர் குழம்பறான். நான் பின்னால வான்னு சொல்றேன், நீங்க முன்னால போன்னு சொல்றீங்க. உங்க குரல்தான் பெருசு. அவன் எதக் கேப்பான்?"

நசீம் பானுவின் முகம் மாறியது. "இத மொத நாளே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"சரி. கோலுக்கிட்ட நிக்க மாட்டேன். நடுக்கோட்டுக்கு நேரா நிக்கறேன். கீப்பருக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன். மத்தவங்களுக்குச் சொல்லுவேன்."

"கேட்டத் தொற" என்றார் தர்மன் பச்சியப்பனிடம்.

"போர்டு, சார்?"

"அத நான் பாத்துக்கறேன்."

நடுக்கோட்டுக்கு நேராக, புங்க மரத்தடியில் நாங்கள் நின்றோம். சேலத்துக்காரர்கள் பலசாலிகள். முதல் பாதியில் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு மாது பின்னாலிருந்து கொண்டுவந்த பந்தை மாரியப்பன் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். தூங்குகிறான் என்று திட்டு வாங்கியவன். நசீம் பானு பக்கத்தில் நின்ற என்னைத் தூக்கியே விட்டார். கடைசி வரைக்கும் ஒன்றுக்கு ஒன்று. ஆளுக்கொரு கிக் அடித்துத் தீர்க்கும் டை பிரேக்கர் வந்தது.

எங்கள் கடைசிக் கிக்கை மாரியப்பன்தான் அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே போயிற்று. அவன் அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். சேலத்துப் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். தோற்றுவிட்டோம்.

ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. கூட்டத்திலிருந்து "கோச்ச மாத்து!" என்று ஒரு குரல் கிளம்பியது. பிறகு பத்துக் குரல். "மாதுவப் பின்னால போட்டதால தோத்தோம்! மிலிட்டரிக்காரன் வேணாம்!" ஆறு மாதமாக ஒவ்வொரு வெற்றிக்கும் கை தட்டிய அதே ஆட்கள். ஒரு செருப்பு பறந்து வந்து தர்மனின் காலடியில் விழுந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நேராக நின்றார். பின்னால் பையன்கள் பயந்துபோய் ஒன்றாகக் கூடினார்கள்.

நசீம் பானு கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் நடந்தார். தர்மனுக்கு முன்னால் போய்க் கூட்டத்தைப் பார்த்து நின்றார். அந்தச் செருப்பைக் குனிந்து எடுத்தார்.

"யாருது இது? வந்து வாங்கிக்கோ. இல்லன்னா ஒத்தச் செருப்போட வூட்டுக்குப் போ."

யாரும் வரவில்லை. சத்தம் கொஞ்சம் குறைந்தது.

"போன வருசம் இந்நேரத்துக்கு இந்தக் கிரவுண்டுல மாடு மேஞ்சுது. மொத ரவுண்டுல தோத்துட்டு வர்ற டீமு. அப்ப நீங்கள்லாம் எங்க இருந்தீங்க? நான் இருந்தேன். இன்னிக்கி ஃபைனல்ல ஒரு உதையில தோத்திருக்கோம். இந்த டீம இங்க வரைக்கும் கொண்டாந்தது யாரு, நீங்களா?"

"நீயும்தான திட்டுன?" என்று ஒருவன் கத்தினான்.

"ஆமா, திட்டுனேன். வெயில்லயும் மழையிலயும் வேன் மேல நின்னு திட்டுனேன். அதுக்காக வியாபாரத்த விட்டேன். இந்த ஆளத் திட்டறதுன்னா நான் திட்டுவேன். ஜெயிச்சா கை தட்டிட்டு தோத்தா செருப்பு வீசறவனுக்கு அந்த உரிமை கெடையாது. போங்க வூட்டுக்கு!"

அந்தக் குரலுக்கு எதிராக மைக் இருந்தாலும் பேச முடியாது. பாப்பாரப்பட்டிக்காரர்கள்தான் முதலில் கை தட்டினார்கள். நாங்களும் தட்டினோம். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் போர்டை மறுநாள் காணவில்லை. யார் கழற்றினார்கள் என்று பிரின்சிபால் விசாரிக்கவும் இல்லை. தர்மன் நான்கு வருடம் இருந்தார், எண்பத்தேழில் கோப்பையும் வந்தது. மாது போலீஸ் டீமுக்குத் தேர்வாகிப் போனான். அடுத்த ஜூனில் வார்டன் மறுபடி கடைக்கு வந்து முட்டை போடச் சொல்லிக் கேட்டார். மொரப்பூருக்கும் கடத்தூருக்குமே வேன் சரியாகப் போகிறது என்று சொல்லி நசீம் பானு மறுத்துவிட்டார். எங்களுக்குப் பின் வந்த பெண்கள் மைதானத்துக்குப் போவதை யாரும் செய்தியாகப் பேசவில்லை. நான் வேலை கிடைத்து ஓசூர் போன பிறகும், அவர் நடுக்கோட்டுக்கு நேராக நின்று கத்திக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது, அந்த இறுதி ஆட்டத்தன்று கூட்டம் போன பிறகு நடந்தது. தர்மன் மாரியப்பனைத் தோளில் தட்டி அனுப்பிவிட்டு, பந்துகளை வலைப்பையில் போட்டுக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். நசீம் பானு பக்கத்தில் நடந்தார். நாங்கள் இரண்டு பேர் பின்னால். அவர் நன்றி சொல்வார், இவரும் ஏதாவது பதமாகச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன்.

"ஆஸ்டல் முட்ட விசயம் எனக்கு இப்பத்தாம்மா தெரியும். நான் சொல்லி அத நிறுத்தல" என்றார் தர்மன்.

"தெரியும். அத விடுங்க. மாரியப்பன எதுக்குக் கடைசி கிக்குக்கு விட்டீங்க?"

"அவனே வந்து கேட்டான்."

"கேட்டா குடுத்துடுவீங்களா? அவன் மொகத்தப் பாத்தீங்களா நீங்க? வெளிறிப் போயிருந்தான்."

"பாத்தேன். பயந்திருந்தான். பயந்துக்கிட்டும் முன்னால வந்து கேட்டான் பாருங்க, அதுக்காகத்தான் குடுத்தேன்."

நசீம் பானு தலையை ஆட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தார். சமாதானமாகிவிட்டார் என்று நினைத்தேன்.

"அது சரியில்லங்க" என்றார்.

"சரிதாம்மா."

"எப்படிச் சரி? மாது இருக்கான், ஒரு தடவ கூட வெளிய அடிக்காதவன்..."

"மாது காலுல அடிபட்டிருந்துச்சு, நீங்க பாக்கல."

"எந்தக் காலு? எப்ப?"

இருவரும் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தார்கள். மஸ்தான் இவர்களைப் பார்த்ததும் வேனைக் கிளப்பினார். அவர்கள் வேனுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டதையும், தர்மன் பந்துப் பையைக் கீழே வைத்துவிட்டு மண்ணில் விரலால் கோடு போட்டுக் காட்டத் தொடங்கியதையும், நசீம் பானு குனிந்து அதை அழித்து வேறு கோடு போட்டதையும் கண்ணாடியில் பார்த்தார். பார்த்துவிட்டு என்ஜினை அணைத்தார்.